ஆயிரம் கார் வாங்கி ஐம்பது வருடம் கடன் சொல்வது எப்படி?

பெட்டிக்கடையில் நூறு ரூபாய் கடன் சொல்வதற்கே நம்மில் பலருக்கு நாக்கு எழாது. கடைக்காரர் தலைக்கு மேல் 'கடன் அன்பை முறிக்கும்' என்று ஓர் அட்டை வேறு தொங்கிக்கொண்டிருக்கும். அந்த அட்டை தனிமனிதர்களுக்காக எழுதப்பட்டது. நாடுகளிடம் அது செல்லாது என்பதற்கு வட கொரியாவும் ஸ்வீடனும் கண்கண்ட சாட்சி. 1974இல் வட கொரியா ஸ்வீடனிடமிருந்து ஆயிரம் வோல்வோ கார்களைக் கடனுக்கு எடுத்தது. பணம் இன்னும் போய்ச் சேரவில்லை. ஆனால் பியோங்யாங்கில் ஸ்வீடன் தூதரகம் இருக்கிறது, ஸ்டாக்ஹோமில் வட கொரியத் தூதரகம் இருக்கிறது, நேரில் பார்த்தால் இரு தரப்பும் கைகுலுக்கிக்கொள்கின்றன.

இந்தக் கலையைக் கற்க விரும்பும் புதிய நாடுகளுக்காக, நடந்த கதையிலிருந்தே சில யோசனைகளைத் திரட்டியிருக்கிறேன். கட்டணம் கிடையாது. கேட்டாலும் நீங்கள் தரப்போவதில்லை.

கடையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் விதி, பக்கத்தில் வாங்காதீர்கள். வட கொரியாவை ஒட்டி சோவியத் ஒன்றியமும் சீனாவும் இருந்தன. இருவரிடமும் ஏற்கெனவே கை நீட்டியாகிவிட்டது. இருவருக்கும் வீட்டு நிலவரம் அத்துபடி. ஆகவே தூரத்தில் பாருங்கள். பியோங்யாங்கிலிருந்து ஸ்டாக்ஹோம் சுமார் 7,200 கிலோமீட்டர். அங்கிருந்து வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் அவருக்கு விசா கொடுக்க வேண்டியவரே நீங்கள்தான். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கடன் உலகில் கிடையாது.

இரண்டாவது, கடைக்காரர் நல்ல மனசுக்காரராக இருக்க வேண்டும். இந்த வகையில் ஸ்வீடனைவிடத் தோதான நாட்டை வலைபோட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. கொரியப் போரில் அது துப்பாக்கி தூக்கவில்லை. 1950இல் தெற்கே புசானுக்குச் செஞ்சிலுவை மருத்துவமனை ஒன்றை அனுப்பியது. 1953இல் போர்நிறுத்தம் வந்தபோது அதை மேற்பார்வையிட நடுநிலை நாடுகளின் குழு ஒன்று அமைந்தது. ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா என்று நாலு பேர். அன்றிலிருந்து ஸ்வீடன் அதிகாரிகள் பன்முன்ஜோம் எல்லையில் தென்பக்கமாக உட்கார்ந்து கொரியத் தீபகற்பத்தைக் கவனித்துவருகிறார்கள். 1969இல் மேற்கு நாடுகளில் முதல் ஆளாக வட வியட்நாமை அங்கீகரித்ததும் இதே ஸ்வீடன்தான். அதே ஆண்டில் பிரதமரான ஓலோஃப் பால்மே வியட்நாம் போருக்காக வாஷிங்டனை வெளிப்படையாகத் திட்டியவர். உலகம் ஒதுக்கிவைத்தவர்களிடமும் பேசிப் பார்க்கலாம் என்று நம்புகிற நாடு. அப்படிப்பட்டவர்கள் கணக்கு நோட்டைத் திறப்பதற்கு முன்னால் கதவைத் திறந்துவிடுவார்கள்.

திறந்தார்கள். 1973 ஏப்ரல் 7 அன்று ஸ்வீடன் வட கொரியாவை அங்கீகரித்தது. அதே கோடைக்குள் பின்லாந்து, நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து எல்லாம் வரிசையாகப் பின்னால் வந்தன. 1975இல் பியோங்யாங்கில் தூதரகம் திறந்த முதல் மேலை நாடு என்ற பெயரும் ஸ்வீடனுக்குக் கிடைத்தது. பிரிட்டனும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் தூதரக உறவுக்கு வந்து சேரவே அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு ஆனது.

மூன்றாவது, கடையில் வியாபாரம் கொஞ்சம் மந்தமாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். 1973 கடைசியில் எண்ணெய் நெருக்கடி வந்து மேற்கு நாடுகளின் தொழிற்சாலைகளை உலுக்கியது. யார் கேட்டாலும் விற்கத் தயாராக இருந்த காலம் அது.

நான்காவதுதான் சூட்சுமம். கடைக்காரருக்குப் பின்னால் அவருடைய அரசு நிற்க வேண்டும். ஸ்வீடனில் இ.கே.என். என்று ஓர் அரசு வாரியம் 1933 முதல் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் ஏற்றுமதி நிறுவனத்துக்கு இந்த வாரியம் ஈடு கொடுக்கும். அதற்காக நிறுவனங்களிடம் பிரீமியம் வாங்கிக்கொள்ளும். இதனால் விற்கிறவருக்குத் தூக்கம் கெடாது. வாங்குகிறவர் நீங்கள், உங்களுக்கு எப்போதுமே கெடாது. இரவில் விழித்திருக்கப் போகிறவர் வாரியத்தின் கணக்கர் ஒருவர்தான். அவர் முகத்தை நீங்கள் பார்க்கப் போவதில்லை.

வசதியாகத் தெரிவது

இன்றைய வட கொரியாவை மனதில் வைத்துக்கொண்டு 1973ஐப் பார்த்தால் ஸ்வீடன்காரர்கள் ஏமாளிகள் என்று தோன்றும். அது அநியாயம். அமெரிக்கக் குண்டுவீச்சில் தரைமட்டமான பியோங்யாங் இருபது ஆண்டுகளில் அகன்ற சாலைகளும் அடுக்குமாடிகளுமாக எழுந்து நின்றது. மின்சாரம் இருந்தது, இரும்பாலைகள் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் தெற்கைவிட வடக்கு ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை என்றுதான் பொருளாதார நிபுணர்கள் பலரும் கணித்திருந்தார்கள். 1971இல் நாட்டின் தலைவர் கிம் இல் சுங் ஓர் ஆறாண்டுத் திட்டத்தைத் தொடங்கி, மேற்கத்திய இயந்திரங்களை இறக்கி நாட்டை ஒரே தாவாகத் தாண்டவைக்கப் போவதாகச் சொன்னார். மலைகளில் ஈயம், துத்தநாகம், வெள்ளி, செம்பு. அதையெல்லாம் வெட்டி விற்றால் கடன் எம்மாத்திரம்?

இங்கே புதிய நாடுகள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. புள்ளிவிவரம் வெளியிடாதீர்கள். வட கொரியா 1960களிலேயே விரிவான பொருளாதாரக் கணக்குகளை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. கணக்கு இருந்தால்தானே கேள்வி வரும்? விருந்தினருக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுங்கள், சாப்பாடு போடுங்கள், பள்ளிப் பிள்ளைகளைப் பாடச் சொல்லுங்கள். லெட்ஜரை மட்டும் காட்டாதீர்கள்.

சில்லறையாக வாங்காதீர்கள்

ஒரு கார் வாங்கிப் பணம் தராவிட்டால் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆயிரம் கார் வாங்குங்கள். ஆயிரம் காரைத் தூக்கக் கப்பல் வேண்டும், கப்பல் வருவதற்கு உங்கள் துறைமுகம் வேண்டும், துறைமுகத்துக்கு உங்கள் அனுமதி வேண்டும்.

வட கொரியா தேர்ந்தெடுத்தது வோல்வோ 144. பெட்டிபோல் சதுரமாக, அழகு பற்றி அலட்டிக்கொள்ளாத வண்டி. 100 வரிசை, நாலு சிலிண்டர், நாலு கதவு. பெயரிலேயே எல்லாம் வெட்டவெளிச்சம். ஸ்வீடன் நாட்டுப் பனியிலும் கிராமத்து மண் சாலையிலும் ஓட்டுவதற்கென்று செய்த கார் என்பதால் கொரியக் குளிருக்கும் மேடுபள்ளத்துக்கும் அச்சாகப் பொருந்தியது. 1966இல் தொடங்கிய இந்த மாடலின் உற்பத்தி 1974இல் நின்றது. அதாவது கோத்தன்பர்க் தொழிற்சாலையிலிருந்து கடைசியாக வந்த வரிசையில்தான் பியோங்யாங்கின் ஆயிரமும் கப்பல் ஏறியது. மூன்று முனை இருக்கைப் பட்டியை உலகத்துக்குத் தந்த நிறுவனம் வோல்வோ. ஓட்டுநரையும் பயணியையும் பத்திரமாகக் கட்டிவைத்தார்கள். கடன் கொடுத்தவரைக் கட்டிப்பிடிக்கத்தான் எந்தப் பட்டியும் இல்லை.

கார் மட்டும் வாங்கினால் ஆடம்பரம் என்பார்கள். ஆகவே கூடவே கொஞ்சம் கனரகச் சாமான்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்லஸ் காப்கோ போன்ற ஸ்வீடன் நிறுவனங்கள் சுரங்க இயந்திரங்களும் ஆலைச் சாதனங்களும் அனுப்பின. (இன்று ஆயிரம் காரின் கடன் என்று உலகம் சொல்கிற தொகையில் இந்த இயந்திரங்களின் பாக்கியும் சேர்ந்திருக்கிறது. கார்தான் புகைப்படத்தில் நன்றாக விழுகிறது என்பதால் பழி முழுக்க அதன் தலையில்.) கணக்கு மிக நேர்த்தியானது: கடனுக்கு வாங்கிய இயந்திரத்தால் பாறையைத் துளைத்து, வரும் உலோகத்தை விற்று, இயந்திரத்துக்கான கடனை அடைப்பது. தாளில் பார்த்தால் ஒரு ஓட்டைகூட இல்லை.

ஓட்டை லண்டன் உலோகச் சந்தையில் விழுந்தது. 1974 பின்பாதியில் தொடங்கிய மந்தத்தில் உலோக விலைகள் சரிந்தன. எண்ணெய் விலையேற்றத்தால் மேற்கத்திய இயந்திரங்களின் விலை கூடிற்று. விற்பது இறங்க, வாங்குவது ஏற, ஓரிரு ஆண்டுக்குள் பியோங்யாங்கின் கையில் இருந்த வெளிநாட்டுப் பணம் வற்றிப்போனது. ஜப்பான், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி என்று பாக்கிப் பட்டியல் நீண்டது. பின்லாந்துக்குக் காகித ஆலை இயந்திரங்களின் பாக்கி நின்றது. பொதுவுடைமை நாடுகள் சொன்ன தேதியில் பணத்தை எண்ணி வைப்பவை என்று அதுவரை வங்கிகள் நம்பியிருந்தன. அந்த நம்பிக்கைக்கு முதல் அடி கொடுத்தது வட கொரியா.

'மாட்டேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள்

பொதுவாகப் புதிய நாடுகள் தடுக்கி விழும் இடம் இது. 'கடனை ரத்து செய்கிறோம்' என்று மேடையில் முழங்கிவிடுவார்கள். மறுநாள் வழக்கு, பறிமுதல், கப்பல் சிறைபிடிப்பு. அப்படிச் செய்யவே கூடாது. கடனை ஒப்புக்கொள்ளுங்கள். தவணையை மாற்றித் தரச் சொல்லுங்கள். தந்தால் நன்றி சொல்லுங்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி மாற்றித் தரச் சொல்லுங்கள். வட கொரியா 1970களின் கடைசியிலும் 1980களிலும் மேலைக் கடன்காரர்களிடம் இப்படி மாற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்த மேலை வங்கிகளின் கூட்டமைப்பு 1987இல்தான் அதைக் கடன் தவறிய நாடு என்று முறைப்படி அறிவித்தது. அறிவித்து என்ன? வெளிநாட்டில் பறிமுதல் செய்ய வட கொரியாவுக்குப் பெரிதாகச் சொத்து இருந்தால்தானே.

பொருளாகத் தருகிறோம் என்று சொல்லிப் பார்ப்பதும் நல்ல உத்தி. 2010இல் செக் குடியரசிடம் இருந்த சுமார் ஒரு கோடி டாலர் பழைய பாக்கியில் ஒரு பகுதிக்கு ஜின்செங் வேர் தருகிறோம் என்றார்கள் வட கொரியர்கள். உடம்புக்கு நல்லது, உற்சாகம் தரும். ஆனால் செக் மக்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து மென்றாலும் தீராத அளவு வேர் அது. துத்தநாகமாகத் தர முடியுமா என்று பிராக் நகரத்து அதிகாரிகள் கேட்டுப் பார்த்தார்கள். ஸ்வீடனுக்கு அந்த வேர்கூட வாய்க்கவில்லை.

பொறுமைக்கு உச்சபட்சப் பரிசு ரஷ்யாவிடமிருந்து வந்தது. சோவியத் காலத்துப் பாக்கி சுமார் 1,100 கோடி டாலர். அதில் 90 சதவீதத்தைத் தள்ளுபடி செய்ய மாஸ்கோ 2012இல் ஒப்புக்கொண்டது. கடனைச் சின்னதாக வாங்கியவர்கள் இப்படிப்பட்ட பெருந்தன்மையைப் பார்ப்பதே இல்லை.

தவிர்க்க வேண்டியது ஒன்று

தூதரகச் செலவுக்குத் தலைநகரம் பணம் அனுப்பாவிட்டால் தூதர்களே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். 1976 அக்டோபரில் டென்மார்க், நார்வே, பின்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாலு நாடுகளும் அடுத்தடுத்து வட கொரியத் தூதரக ஆட்களை வெளியேற்றின. வரிவிலக்கில் இறக்கிய மதுவையும் சிகரெட்டையும் அவர்கள் வெளியே கள்ளச் சந்தையில் விற்றுவந்தது அம்பலமாகிவிட்டது. டென்மார்க்கில் கஞ்சாப் பிசினும் பிடிபட்டது. மதுவுக்குக் கடுமையான வரி போடுகிற ஸ்காண்டிநேவியாவில் மலிவு மதுவுக்கு வாடிக்கையாளர் குறைவாகவா இருப்பார்கள்? விற்பனை பிரமாதமாக நடந்திருக்க வேண்டும். அதுதான் காட்டியும் கொடுத்திருக்கும்.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், கார் பாக்கி நிற்கிறது, தூதரே கடத்தல் புகாரில் ஊருக்கு அனுப்பப்படுகிறார், அப்போதும் ஸ்வீடன் உறவை முறிக்கவில்லை. இதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் கதையைப் பாருங்கள். 1975இல் பியோங்யாங்கில் தூதரகம் திறந்தார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் வட கொரியா அவர்களைப் பெட்டி கட்ட வைத்துவிட்டது. அங்கே போய் உட்காருவது பெரிதல்ல, எழுந்திராமல் இருப்பதுதான் கடினம். பியோங்யாங்கில் ஸ்வீடனின் முதல் பிரதிநிதியாக இருந்த எரிக் கார்னெல் பின்னாளில் அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். அதன் துணைத் தலைப்பில் தன்னைச் சொர்க்கத்துக்கு அனுப்பப்பட்ட தூதன் என்று குறிப்பிட்டுக்கொள்கிறார். நகைச்சுவை உணர்வு இல்லாதவர்களை அந்த ஊருக்கு நியமிக்க முடியாது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

சாமானைப் பேணுங்கள்

கடன் பாக்கி இருக்கும் பொருளைக் குப்பையில் போடுவது அநாகரிகம். வட கொரியர்கள் இந்த விஷயத்தில் முன்மாதிரி. அந்த வோல்வோக்கள் முதலில் அதிகாரிகளைச் சுமந்தன, பிறகு வெளிநாட்டு விருந்தினர்களைச் சுமந்தன, வயதானதும் டாக்ஸியாகின. 2016இல் பியோங்யாங்கின் ஸ்வீடன் தூதரகமே சோங்ஜின் நகரில் டாக்ஸியாக ஓடிய ஒரு வோல்வோவின் படத்தை ட்விட்டரில் போட்டது. இன்னும் பணம் வராத 1974 மாடல், கிட்டத்தட்ட ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற பொருளில் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்கள். வோல்வோவின் உழைப்புக்கு இதைவிட நல்ல விளம்பரம் அந்த நிறுவனமே காசு செலவழித்தாலும் கிடைத்திருக்காது.

தவிர்க்க முடியாத ஆளாகிவிடுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைத் தந்திரங்கள். கடன் சொல்லி ஐம்பது ஆண்டு தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால், கடன் கொடுத்தவருக்கு உங்கள் ஊரில் ஒரு வேலை உண்டாக்க வேண்டும். பணத்தைவிடப் பெரிய வேலை.

அமெரிக்காவுக்கு வட கொரியாவில் தூதரகம் இல்லை. அங்கே ஓர் அமெரிக்கர் மாட்டிக்கொண்டால் போய்ப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும். 1995இலிருந்து அந்த வேலையை ஸ்வீடன் செய்கிறது. கனடா, ஆஸ்திரேலியா குடிமக்களுக்கும் அதே தூதரகம்தான் துணை. 2009இல் எல்லையில் பிடிபட்ட இரண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்களைச் சிறையில் போய்ப் பார்த்தவர் ஸ்வீடன் தூதர். 2023இல் தென்கொரியாவிலிருந்த அமெரிக்க வீரர் ஒருவர் எல்லைக்கோட்டைத் தாண்டி வடக்கே ஓடினார். இரண்டு மாதம் கழித்து வட கொரியா அவரை வெளியேற்றியபோது சீன எல்லைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க உதவியதும் ஸ்வீடன்தான். அந்த நேரத்தில் கொரோனா காரணமாகப் பியோங்யாங் தூதரகத்தில் ஸ்வீடன் ஆட்களே கிடையாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா நேரமும் இது பலித்ததாக எண்ண வேண்டாம். 2016இல் கைதான அமெரிக்க மாணவர் ஓட்டோ வார்ம்பியரைப் பார்க்க ஸ்வீடன் தூதரகம் திரும்பத் திரும்பக் கேட்டது. கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. 2017 ஜூனில் நினைவிழந்த நிலையில் ஊருக்கு அனுப்பப்பட்டார், சில நாள்களில் இறந்துபோனார். இந்த உறவை வேடிக்கையாக எழுதுகிறவன் இந்த இடத்தில் நின்று ஒரு மூச்சு விட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவும் வட கொரியாவும் பேச வேண்டும் என்றாலும் ஸ்வீடன்தான் வீடு கொடுத்தது. 2018 மார்ச்சில் வட கொரிய வெளியுறவு அமைச்சர் ரி யோங் ஹோ ஸ்டாக்ஹோம் வந்து ஸ்வீடன் அமைச்சர் மார்கோட் வால்ஸ்ட்ரோமைச் சந்தித்தார். மூன்று மாதத்தில் சிங்கப்பூரில் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் கைகுலுக்கினார்கள். 2019 ஜனவரியில் ஸ்டாக்ஹோமுக்கு வெளியே ஓரிடத்தில் அமெரிக்க, வட கொரிய, தென்கொரியப் பிரதிநிதிகள் கூடினார்கள். அக்டோபரில் அமெரிக்காவும் வட கொரியாவும் மறுபடி அங்கே உட்கார்ந்து ஒரே நாளில் எழுந்து போனார்கள். இந்தக் கூட்டங்களில் ஸ்வீடன் காபி கொடுத்தது, அறை கொடுத்தது. மேசைமேல் கார் ரசீதை வைத்ததாகத் தகவல் இல்லை.

1990களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோதும் அதற்குப் பிறகும் ஐ.நா. அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத் தொடர்ந்து மனிதாபிமான உதவி அனுப்பிய சில நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. பாக்கி வர வேண்டிய விலாசத்துக்கே அரிசியும் மருந்தும் போயின. கடன்காரன் வாசலில் நின்று கத்துவதற்குப் பதிலாகச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றால் என்ன செய்வது? வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை

கையேடு ஒருபக்கமாகப் போய்விடக் கூடாது. நீங்கள் ஸ்வீடனின் இடத்தில் இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கடிதம் எழுதுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை. பாக்கித் தொகை, வட்டி, வணக்கம். அவ்வளவுதான். இ.கே.என். வாரியம் ஒரு பழிச்சொல்கூட இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பியோங்யாங்குக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அசல் சின்னது, வட்டிதான் வளர்ந்து மரமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் வந்த கணக்கில் மொத்தம் சுமார் 270 கோடி குரோனா. நம் பணத்தில் இரண்டாயிரம் கோடி ரூபாயைத் தாண்டும்.

தள்ளுபடி செய்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். செய்தால் அடுத்து கடன் கேட்டு வருகிறவர் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு வருவார். மேலும் ஒரு வாரியத்தின் கணக்கில் கடன் என்று எழுதியிருக்கும்வரை அது சொத்து, அழித்துவிட்டால் நஷ்டம். எந்த அதிகாரி தன் காலத்தில் அதை அழிக்க முன்வருவார்? அவரவர் ஓய்வுபெறும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுப் போவதுதான் எல்லாருக்கும் சௌகரியம்.

காரை விற்றவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்களுக்கு ஈட்டுத்தொகை எப்போதோ கிடைத்துவிட்டது. வோல்வோவின் கார் பிரிவே 1999இல் அமெரிக்க ஃபோர்டுக்குப் போய், 2010இல் சீனத்து ஜீலிக்குக் கைமாறியது. கார் செய்த நிறுவனத்துக்கு இப்போது சீன முதலாளி. கடன் மட்டும் ஸ்வீடன்காரர்களிடமே தங்கிவிட்டது.

ஒருவேளை திருப்பித் தரும் ஆசை வந்தால்

கவலைப்படாதீர்கள், அதற்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. எந்த உலோகங்களை விற்றுக் கடனை அடைப்பதாகக் கிம் இல் சுங்கின் ஆட்கள் கணக்குப் போட்டார்களோ, அவற்றை வட கொரியாவிடமிருந்து வாங்குவதே இப்போது குற்றம். செம்பு, வெள்ளி, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றை ஐ.நா. பாதுகாப்பு அவை 2016 நவம்பரில் தடைசெய்தது. ஈயமும் நிலக்கரியும் இரும்பும் 2017 ஆகஸ்டில் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் வட கொரியாவுக்கு வாகனம் விற்பதற்கும் தடை வந்தது. கடன் வாங்கியவர் அடைக்கவும் முடியாது, கொடுத்தவர் மறுபடி ஏமாறவும் முடியாது. அணுகுண்டு செய்ததற்காக விதித்த தடை, கார் பாக்கிக்கு நிரந்தர வாய்தா வாங்கிக் கொடுத்திருக்கிறது. ஓர் அணு ஆயுதத் திட்டம் வைத்துக்கொள்வது செலவு பிடிக்கும் யோசனை என்றாலும், இந்தச் சலுகையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இதில் யாருக்கு லாபம்? ஸ்வீடனைப் பரிதாபமாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மற்ற மேலை நாடுகள் நுழையவே முடியாத ஓர் ஊரில் அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியால்தான் ஏழரைக் கோடி மக்களுக்கு மேல் வாழும் ஒரு தீபகற்பத்தின் விவகாரத்தில், அதில் ஏழில் ஒரு பங்கு ஆட்கள்கூட அப்போது இல்லாத ஒரு நாட்டின் குரல் கேட்கப்பட்டது. கடனால்தான் நாற்காலி நிலைத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பாக்கிக்காகக் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் அது கிடைத்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். 270 கோடி குரோனா அதற்கு அதிக விலையா என்பதை ஸ்டாக்ஹோமில் பிரீமியம் கட்டுகிற நிறுவனங்களிடம்தான் கேட்க வேண்டும். பியோங்யாங்கின் அதிகாரிகளுக்கோ கார் கிடைத்தது. கதவைத் திறந்து ஒருநாள்கூட அந்த வோல்வோவில் ஏறாத வட கொரிய விவசாயியின் பெயரில்தான் அந்தக் கடன் இன்னமும் எழுதப்பட்டிருக்கிறது. அவருக்குக் கடிதத்தின் நகல் போவதில்லை.

2020இல் பூட்டிய ஸ்வீடன் தூதரகத்துக்கு 2024 செப்டம்பரில் தூதர் திரும்பி வந்தார். கொரோனாவுக்குப் பிறகு பியோங்யாங்கில் மறுபடி விளக்கேற்றிய முதல் மேலைத் தூதரகமும் அதுதான். அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஸ்வீடன் தன் இருநூறு ஆண்டு நடுநிலைப் பழக்கத்தை விட்டு நேட்டோவில் சேர்ந்திருந்தது. வட கொரியா அதைப் பெரிதுபடுத்தாமல் விசா கொடுத்தது. பழைய கடன்காரர் என்றால் ஒரு சலுகை இருக்கத்தான் செய்யும்.

வாசகர்களுக்கு எச்சரிக்கை: இந்த யோசனைகளைச் செயல்படுத்துவதற்கு முன் தயவுசெய்து ஒரு நாட்டுக்குத் தலைவராகிவிடுங்கள். தனியாளாக ஒரே ஒரு காரை வாங்கி இதையெல்லாம் முயன்று பார்த்தால் அதற்குப் பெயர் மோசடி. அந்தப் பழைய 420ஆம் பிரிவு இப்போது இல்லை என்று மகிழ வேண்டாம். புதிய சட்டத்தில் அதன் எண் 318.